மாரியும் பனியும்: வன்னியில் இந்த நேரம் வீட்டில் கார் கழுவலாமா?

ஆசிரியை_அக்கராயன்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் போய்வர ஒரு பழைய ஆல்டோ வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து தார் றோட்டு ஏறும் வரைக்கும் கிரவல் பாதை. மாரி தொடங்கியதிலிருந்து மட்கார்டுக்குள்ளே செம்மண் அப்பிப்போய்க் கிடக்கிறது, கதவுகளின் கீழ்ப்பக்கம் முழுக்கச் சேறு. இப்போது மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, ஆனால் விடியப்புறம் பனி கொட்டுகிறது. கொட்டில் இல்லை, கார் மாமரத்துக்குக் கீழேதான் நிற்கிறது.

அப்பா ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பனி ஈரத்தோடு பழைய சாரத்துணியால் துடைத்துவிடுகிறார். கழுவினதும் இதுவும் ஒன்றுதான் என்பது அவருடைய எண்ணம். கனடாவில் இருக்கிற சித்தப்பாவோ, குளிர் நாளில் வீட்டில் கழுவவே கூடாது, கதவு இறுகிவிடும், கண்ணாடி வெடிக்கும் என்று போனில் சொல்கிறார். பக்கத்து வளவு அண்ணை தைப்பொங்கலுக்கு முதல் ஒரேயடியாகச் சேர்விஸுக்குக் கொடுத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கிணறு இப்போது நிறைந்து நிற்கிறது, வாளியும் ஹோஸும் இருக்கின்றன. பிரசர் மெசின் இல்லை.

ரிங்கர்_கிளிநொச்சி

தங்கச்சி, முதலில் அப்பா துடைப்பதை நிறுத்துங்கள். அவர் அக்கறையில்தான் செய்கிறார், ஆனால் பெயின்ற்றை அழிப்பது அந்தத் துணிதான். கிரவல் தூசி என்பது பொடிக்கல். பனி விழுந்ததும் அது ஈரமாகிக் காரின் பொடியில், அதாவது வெளித்தகட்டில், ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் துணியை இழுத்தால் சான்ட் பேப்பர் போட்டது மாதிரித்தான். தகடு தட்டிப் பெயின்ற் அடிக்கிற ரிங்கர் வேலைக்கு எங்களிடம் வருகிற கறுப்பு, கடும் நீலக் கார்களின் பொனற்றை வெயிலில் சரித்துப் பார்த்தால் நூல் நூலாகக் கீறல் தெரியும். பாதிக்கு மேலே இப்படிக் காலைத் துடைப்பில் வந்தது. கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும், அதுவும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிய பிறகு. காய்ந்த தூசியில் வைப்பரைப் போட வேண்டாம்.

தை வரைக்கும் விடுவதும் சரியில்லை. கறள் பிடிக்க இரும்பு, ஈரம், காற்று மூன்றும் வேண்டும். மட்கார்டுக்குள் அப்பிய மண் மழை விட்ட பிறகும் உள்ளே காயாமல் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். வெளியில் வெயில் எறிக்கும், உள்ளே இரும்பு நனைந்தபடியே இருக்கும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்று, 2025 மாசியில்தான் தனியாருக்குத் திரும்பவும் திறந்தது. திறந்த பிறகும் விலை எங்களுக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது. இருக்கிற பொடியைக் காப்பாற்றுவதுதான் இப்போது வழி.

எப்படிக் கழுவுவது என்று விபரமாகச் சொல்கிறேன். வெயில் ஏறிப் பனி ஆவியான பிறகு தொடங்குங்கள், ஒன்பது பத்து மணி போல. பின்னேரம் கழுவினால் காய நேரம் போதாது, இரவுப் பனி மேலே விழும். பள்ளிக்கூடத்தால் வந்த கையோடும் தொடங்க வேண்டாம். ஏ9இல் ஓடி வந்த காரின் பிறேக் தட்டு கொதித்துப்போய் இருக்கும், அதன்மேல் கிணற்றுத் தண்ணீர் அடித்தால் தட்டு வளையலாம். கையை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும்.

துணியைத் தொடுவதற்கு முன்னம் கீழ்ப்பக்கம். நான்கு மட்கார்டுக்குள்ளும் ஹோஸை விட்டு மண்ணை ஊறவையுங்கள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அடியுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு மட்கார்டின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள், மேலே மடிந்த இடத்தில் ஒரு வரி மண் கட்டாயம் மிஞ்சியிருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். கதவைத் திறந்தால் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்கு விட்டவை அவை. சேறு அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும், கதவு உள்ளிருந்து அரிக்கும். ஈர்க்கு ஒன்றால் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயின்ற் போகும்.

மேல்ப்பக்கம் அதற்குப் பிறகுதான். முழுக்கத் தண்ணீர் அடித்து மண்ணைப் போக்கிவிட்டு, கூரையிலிருந்து கீழே வாருங்கள். வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் துணியை அலசச் சும்மா தண்ணீர். ஒரே வாளியில் தோய்த்துத் தோய்த்துத் துடைத்தால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுகிறீர்கள். சில்லுக்கு வேறு துணி. உடுப்புத் தோய்க்கிற தூளும் பாத்திரம் கழுவுகிற திரவமும் வேண்டாம், மேலே உள்ள மெழுகை எடுத்துவிடும்.

மாங்குளம்_சந்தி

இவ்வளவு எதற்கு? மழை பெய்யும்போது வெளியே விட்டால் தானாகக் கழுவுப்படும். எங்களுக்கு ஏது குளிர், ஏது விண்டர்!

ரிங்கர்_கிளிநொச்சி

மழை மேலேதான் பெய்கிறது அண்ணை. மட்கார்டுக்குள்ளே போவது மழையில்லை, சில்லு அடிக்கிற சேறு.

மல்லாவி_வயல்

குளிர் இல்லை என்று சொல்லாதீர்கள். 2022 மார்கழியில் மண்டஸ் புயல் நேரம் கிளிநொச்சி, முல்லைத்தீவில் எத்தனை மாடுகள் விறைத்துச் செத்தன என்று வளர்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆடுகளும் போயின. மழையும் வாடையும் சேர்ந்து அடித்தால் எங்கள் குளிரும் கொல்லும்.

கார் விடயத்தில் ரிங்கர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காலபோகம், அதாவது மாரிகால நெற்செய்கை, செய்கிறவர்கள் பட்டா லொறியிலும் கார் டிக்கியிலும் உரம் ஏற்றுகிறோம். எம்.ஓ.பி. உரம் என்பது பொட்டாசியம் குளோரைட்டு. அதுவும் ஒரு உப்புத்தான். பையின் தையலால் கொட்டின மணி டிக்கிக் கம்பளத்துக்குக் கீழே போய், மாரி ஈரத்தை உறிஞ்சி, தகட்டைத் தின்னும். யூரியாவும் ஈரத்தை இழுக்கும். உரம் ஏற்றின அன்றைக்கே காய்ந்த தும்புத்தடியால் கூட்டி அள்ளிவிட்டு, பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் கரைந்து மூலைக்குள் போய்விடும்.

ரொறன்ரோ_வட்டக்கச்சி

தங்கச்சியின் சித்தப்பா பிழையாகச் சொல்லவில்லை. அவர் இருக்கிற இடத்துக்கு அது முழுக்க உண்மை. நான் வட்டக்கச்சியில் பிறந்து இங்கே குளிரில் வாகனம் ஓட்டுகிறவன், இரண்டையும் தெரிந்து சொல்கிறேன்.

இங்கே பனிக்காலத்தில் றோட்டில் உப்புப் போடுவார்கள், கறியில் போடுகிற அதே சோடியம் குளோரைட்டு. பனிக்கட்டியை உருக்குவதற்குத்தான். அது வேலை செய்வது ஏறக்குறைய மறை 10 பாகை வரைக்கும். அதற்குக் கீழே போனால் கல்சியம் குளோரைட்டு மாதிரி வேறு உப்புக் கலப்பார்கள். இந்த உப்புத் தண்ணீர் காரின் அடியெல்லாம் ஏறும். ஆகவே இங்கே குளிர் காலத்தில்தான் அடிக்கடி கழுவ வேண்டும். கழுவக் கூடாத நாள் வேறு. வெப்பநிலை பூச்சியத்துக்கு நன்றாகக் கீழே இருக்கிற நாளில் வாசலில் வைத்துக் கழுவினால் தண்ணீர் கதவு றப்பரில் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும். இழுத்துத் திறந்தால் றப்பர் கிழியும். பூட்டுக்குள் தண்ணீர் உறைந்தால் திறப்பு நுழையாது. ஈரத்தோடு கைபிறேக் போட்டால் அதுவும் உறைந்து பிடிக்கும். கழுவின தண்ணீர் வாசலில் கண்ணாடி மாதிரி உறைந்து ஆள் வழுக்கி விழுவதும் உண்டு. கண்ணாடி வெடிப்பது, உறைந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால். சின்னக் கல்லடி வெடிப்பு ஏற்கெனவே இருந்தால் கட்டாயம் ஓடும்.

அதனால் நாங்கள் பூச்சியத்துக்கு மேலே ஏறுகிற நாளைப் பார்த்து, மத்தியானத்தில், காசு போட்டு அடிக்கிற இடத்துக்குப் போய் அடிப்பக்கத்தை நன்றாக அடித்துவிட்டு வருவோம். கதவு விளிம்பையும் றப்பரையும் துடைத்துக் காயவைத்து, றப்பருக்குச் சிலிக்கன் தடவுவோம். இன்னொரு விடயம், உப்போடு இருக்கிற காரைச் சூடான கராஜுக்குள் விட்டால் கறள் கூடத்தான் செய்யும், குறையாது. கடும் குளிரில் அந்த வேதி வேலை மெதுவாக நடக்கும், சூட்டில் வேகம் எடுக்கும்.

அக்கராயனில் தண்ணீர் உறையாது. ஆகவே கதவு, பூட்டு, கண்ணாடிப் பயம் உங்களுக்கு வேண்டாம். அடிப்பக்கத்தைக் கழுவு, காயவை என்ற இரண்டும் அங்கேயும் பொருந்தும்.

முல்லைக்_கரை

வட்டக்கச்சி அண்ணை றோட்டு உப்பைப் பற்றி எழுதினதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்களுக்கு அந்த உப்பைப் போடுகிறது வாடைக்காற்று. ஐப்பசி தொடங்கி வாடை கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கிறது. அலை பெரிது, காற்றில் உப்புத்துமி வருகிறது. கடற்கரை வீதியில் நிற்கிற வாகனத்தின் கண்ணாடியில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். சோளகம் அடிக்கிற காலத்தில் காற்று தரைப்பக்கத்தால் வருவதால் இவ்வளவு இல்லை. எங்களுக்குக் கழுவ வேண்டிய காலம் மாரிதான், கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிறவர்கள் நினைக்கிறது மாதிரிக் கோடையில்லை. பூச்சியத்துக்குப் போகாத குளிர், நாள் முழுக்க ஈரப்பதன், மேலே உப்பு. கறளுக்கு இதைவிட வசதி கிடைக்காது.

கடலோரத்தில் இருக்கிறவர்கள் ஷாம்பூ போட்டுக் கழுவ நேரம் இல்லையென்றாலும், கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் அடியையும் சில்லுப் பக்கத்தையும் அடித்துவிடுங்கள். ஆனால் தண்ணீரைப் பார்த்து அடியுங்கள். கரையோரக் கிணறுகள் சிலதில் தண்ணீரே சவர். சவர்த் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற வேலை.

பழைய_டொல்பின்

நான் வான் ஹயர் ஓடுகிறேன். எங்கள் ஆட்கள் காலம்காலமாகச் செய்கிறது, மாரிக்கு முன்னம் கழிவு ஒயிலும் டீசலும் கலந்து அடிக்கு அடித்துவிடுவது. என் டொல்பின் இன்னும் ஓட்டையில்லாமல் ஓடுகிறது. கழுவிக் கழுவி மெனக்கெடத் தேவையில்லை.

ரிங்கர்_கிளிநொச்சி

அண்ணை, உங்கள் வானைக் குறை சொல்லவில்லை. ஒயில் படை இருந்தால் தண்ணீர் இரும்பைத் தொடாது, அந்த அடிப்படை சரி. ஆனால் டீசல் றப்பர் புஷ்களை ஊதவைக்கும். பிறேக்கில் தெறித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிரவல் றோட்டில் ஓடுகிற வாகனத்தில் அந்த ஒயில் தூசியைப் பிடித்து மொத்தமாக ஒரு படை கட்டும். அதற்குக் கீழே கறள் ஓடுவதை வெட்டித் திறந்தால்தான் பார்க்கலாம்.

ரொறன்ரோ_வட்டக்கச்சி

இங்கேயும் வருடா வருடம் குளிருக்கு முன்னம் அடிக்கு ஒயில் அடிப்பிக்கிறார்கள். அதற்கென்றே செய்த எண்ணெய், கழிவு ஒயில் இல்லை. என்ஜினிலிருந்து இறக்கின ஒயிலில் அமிலமும் உலோகத்தூளும் இருக்கும்.

மல்லாவி_வயல்

எனக்கு வாகனத்தைவிடக் கிணறு பெரிது. அடிக்கு அடித்த ஒயில் எங்கே போகிறது? முதல் மழையில் வளவுக்குள் இறங்குகிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் போனபோது சனம் குடிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு அலைந்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். மாரியில் எங்கள் கிணறுகள் தரை மட்டத்துக்கு வந்து நிற்கும். மேலே ஊற்றுகிறது உள்ளே போக நிறைய நேரம் எடுக்காது. கழிவு ஒயில் ஒரு போத்தல்கூட மண்ணில் ஊற்றக் கூடாது என்பது என் கருத்து, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தங்கச்சி, நீங்களும் கிணற்றடியில் வைத்துக் கழுவ வேண்டாம். ஹோஸை நீட்டி, தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடாத சரிவில் காரை நிறுத்துங்கள். ஷாம்பூவும் அளவாகப் போடுங்கள்.

பழைய_டொல்பின்

கிணற்று விடயம் சரிதான் தம்பி. இந்தமுறை அடிக்கு வேறு வழி பார்க்கிறேன். அண்டர்கோட் அடிக்கிறது நல்லதா?

ரிங்கர்_கிளிநொச்சி

நல்லது, ஆனால் மாரிக்குள் வேண்டாம். அடியைக் கழுவி, கறளைச் சுரண்டி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடிக்கலாம். ஈரத்தின் மேலே அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிற வேலை. பங்குனி, சித்திரையில் வாருங்கள்.

வவுனியா_அக்கா

எங்கள் பக்கத்துத் தண்ணீர் வன்மை கூடினது. கேத்திலுக்கு அடியில் கட்டுகிற அதே வெள்ளைப் படைதான் கழுவிக் காயவிட்ட காரிலும் பொட்டுப் பொட்டாக வருகிறது. கறுப்புக் கார் என்றால் பார்க்கவே முடியாது. கல்சியம் காய்ந்து நிற்கிறது அது. நாங்கள் மாரியில் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்துவைத்து, கடைசி அலசலை மழைத்தண்ணீரில் செய்கிறோம். பொட்டு வராது. கூரைத் தூசியும் குருவி எச்சமும் போக, மழை கொஞ்ச நேரம் பெய்த பிறகு பிடிக்க வேண்டும். பரலை வலையால் மூடாமல் விட்டால் நுளம்பு பெருகும்.

ஏற்கெனவே பொட்டு விழுந்திருந்தால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். வெயிலில் வைத்துச் செய்ய வேண்டாம். எப்படியும் கழுவி முடிந்ததும் துவாயால் ஒற்றி எடுப்பது முக்கியம். தானாகக் காயட்டும் என்று விடக் கூடாது.

பரந்தன்_அக்வா

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என்னிடம் அக்வா ஹைபிரிட். பிரசர் மெசின் வாங்கலாமா? ஹைபிரிட்டுக்குத் தண்ணீர் கூடாது என்கிறார்களே?

ரிங்கர்_கிளிநொச்சி

வெளியே தாராளமாக அடிக்கலாம். ஆனால் பொனற்றுக்குள் அடிக்காதீர்கள், செம்மஞ்சள் நிற உயர்மின் வயர் தெரிகிற இடத்துக்குக் கிட்டவே போக வேண்டாம். அக்வாவின் பெரிய பற்றறி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதற்குக் காற்று இழுக்கிற வலை சீற்றின் பக்கவாட்டில் இருக்கும். உள்ளே ஈரக் கால்த்துடைப்பானைப் போட்டு மூடுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் கூடாது. அந்த வலையில் தூசி அடைத்தாலும் பற்றறி சூடாகும், அதைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்.

மெசின் மூக்கை ஓர் அடிக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ரயர்ப் பக்கச்சுவர், ரேடியேற்றர் தகடு, சில்லுப் பெயாரிங், பெயின்ற் வெடித்த இடம், இவற்றில் நேரே அடிக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட, மின்சாரம் கசிந்தால் வெட்டிவிடுகிற ட்ரிப் ஸ்விச் வேலை செய்கிறதா என்று அமத்திப் பார்த்த பிறகு மெசினைப் போடுங்கள். மாரியில் நிலமே ஈரம், காலில் செருப்பில்லாமல் நிற்பீர்கள், எக்ஸ்ரென்சன் வயரின் இணைப்பு புல்லுக்குள் கிடக்கும். காரை எப்போதும் திருத்தலாம்.

ஆசிரியை_அக்கராயன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு, வெயில் வந்ததும் தொடங்கினோம். மட்கார்டுக்குள்ளிருந்து வந்த மண்ணைப் பார்த்து அப்பாவே அதிசயப்பட்டார். அவர் இப்போது சாரத்தை விட்டுவிட்டு ஈர்க்கோடு நிற்கிறார். இரண்டு கேள்வி மிச்சம். கழுவி நிறுத்தின கார் இன்று காலையில் எடுக்கும்போது பின்சில்லு பிடித்து, டக் என்ற சத்தத்தோடுதான் விட்டது. பழுதா? அடுத்தது, பனிக்கும் மாமரப் பிசினுக்கும் தறப்பாள் போட்டு மூடலாமா?

ரொறன்ரோ_வட்டக்கச்சி

பின்பக்கம் டிரம் பிறேக். ஈரத்தோடு கைபிறேக் இழுத்துவிட்டு இரவு முழுக்க நின்றால் மெல்லிய கறள் பூத்து லைனிங்கோடு ஒட்டும். கழுவி முடிந்ததும் ஒழுங்கைக்குள் கொஞ்சத் தூரம் ஓடி, பிறேக்கை மெதுவாக மிதித்து மிதித்துக் காயவையுங்கள். சமதரை என்றால் கைபிறேக் இழுக்காமல் முதலாம் கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கல் வையுங்கள்.

வவுனியா_அக்கா

தறப்பாளைக் கார்மேலே போடாதீர்கள் தங்கச்சி. உள்ளே ஈரம் அடைபடும், காற்று அடிக்க அடிக்க உரசும். நான்கு தடி நட்டு மேலே கூரையாகக் கட்டுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். மாரி முழுக்கக் கால்விரிப்புகளை வெளியே எடுத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து உள்ளே மணக்கத் தொடங்கும்.

ஆசிரியை_அக்கராயன்

சரி அக்கா, தடி இருக்கிறது. ரிங்கர் அண்ணை, இடதுபக்கப் பின் மட்கார்டின் உள்விளிம்பில் மண் எடுத்த இடத்தில் பெயின்ற் கொப்பளித்து நிற்கிறது. ஒரு ரூபாய்க் குற்றி அளவு இருக்கும். படம் போட்டிருக்கிறேன்.

ரிங்கர்_கிளிநொச்சி

படத்தைப் பார்த்தேன். ஸ்குரூ டிறைவரின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் மேலோட்டம்தான். நல்ல வெயில் நாளில் கொப்பளத்தைச் சுரண்டி, இரும்பு தெரியும் வரைக்கும் தேய்த்து, கறள் தடுக்கிற பிறைமர் பூசி, காய்ந்ததும் பெயின்ற் வையுங்கள். வீட்டிலேயே செய்யலாம். பொத்தென்று அமுங்கினால் உள்ளே தகடு போய்விட்டது. அதற்கு மேலே பூசி மறைக்காமல் கொண்டு வாருங்கள், அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டலாம். மற்றப் பக்கத்து மட்கார்டிலும் அதே இடத்தைத் தடவிப் பாருங்கள், அனேகமாக அங்கேயும் தொடங்கியிருக்கும்.